காலேஜ் பேஸ்கட்பால் பூல்: 30 பேர், பாதிப் பேர் புதுசு. புள்ளி எப்படிப் போடுவது?

காரி_குமரன் | நார்த் கரோலினா | #1

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் வருஷா வருஷம் மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் என்.சி.ஏ.ஏ. பேஸ்கட்பால் போட்டிக்கு ஒரு பூல் (எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் புள்ளி சேர்க்கிற விளையாட்டு) நடக்கும். இதுவரை நடத்திய அண்ணன் வேலை மாறி சியாட்டில் போய்விட்டார். இந்த முறை பொறுப்பு என் தலையில்.

சுமார் 30 பேர் சேருவார்கள். பாதிப் பேர் வெறித்தனமான ரசிகர்கள் (டியூக், யு.என்.சி. இரண்டு பல்கலைக்கழகமும் பக்கத்தில் இருக்கிற ஊர், கேட்கவே வேண்டாம்). மீதிப் பாதி, கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள், வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காகப் பெயர் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

பிரச்சினை என்னவென்றால், முதல் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாட்ஸ்அப் குழு அல்லோலகல்லோலப்படும். அடுத்த வாரம் பார்த்தால் மூன்று பேர்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் ‘நம்ம கதை முடிஞ்சது’ என்று ஐ.பி.எல். பக்கம் போய்விடுகிறார்கள். கடைசி வாரம் வரை ஆட்களைப் பிடித்து வைக்கிற மாதிரி ஏதாவது புள்ளி முறை உண்டா? தலைக்கு 10 டாலர் வாங்குகிறோம், அதைத் தொடரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு_வேலு | சிகாகோ | #2

முதல் விதி: பூல் நடத்துகிறவர் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் ஊரை விட்டே போக வேண்டியிருக்கும். உங்கள் அண்ணன் உண்மையிலேயே வேலைக்காகத்தான் சியாட்டில் போனாரா?

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #3

குமரன் தம்பி, நீங்கள் 1-2-4-8-16-32 முறைதானே வைத்திருக்கிறீர்கள்? கோளாறு அங்கேதான்.

பிராக்கெட்டில் (ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார் என்று நிரப்புகிற அட்டவணை) 64 அணி, 63 ஆட்டம். முதல் சுற்றில் 32 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, ஆக 32. இரண்டாம் சுற்றில் 16 ஆட்டம், இரண்டு புள்ளி வீதம் மறுபடியும் 32. இப்படியே எல்லாச் சுற்றுக்கும் 32 வரும், ஆறு சுற்றுக்கும் சேர்த்து 192. கடைசிச் சுற்றில் இருப்பது ஒரே ஒரு ஆட்டம், அதற்கும் 32! இ.எஸ்.பி.என். தளத்திலும் இதே முறைதான், எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி 1920 என்று காட்டுவார்கள்.

இன்னும் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு அந்த அணி ஜெயித்த ஆறு ஆட்டங்களின் புள்ளியும் வரும்: 1+2+4+8+16+32, அதாவது 63. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே அணியின் மேல் நிற்கிறது. அந்த அணி முதல் வார இறுதியிலேயே தோற்றால் ஆள் காலி. அப்புறம் அவர் ஏன் குழுவில் பேசப்போகிறார்?

நான் பரிந்துரைப்பது 2-3-5-8-13-21. அதிகபட்சம் 231 வரும். சாம்பியன் ஆகிற அணியின் வழியில் கிடைப்பது 52, அதாவது கால் பங்குக்கும் கீழே. சாம்பியனைச் சரியாகச் சொல்வதற்கு மதிப்பு இருக்கும், ஆனால் அதைத் தவறவிட்டவரும் முதல் இரண்டு சுற்றில் நன்றாகச் சொல்லியிருந்தால் தாக்குப்பிடிப்பார். உங்கள் மாதிரி கலவையான கூட்டத்துக்கு இதுதான் சரி.

1-2-3-4-5-6 என்று வைக்கிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது. ஃபைனலுக்கு வெறும் ஆறு புள்ளி என்றால் அதற்குள் முதல் இடம் முடிவாகியிருக்கும், கடைசித் திங்கட்கிழமை ராத்திரி எதற்காக டிவி முன்னால் உட்கார வேண்டும்?

புதுமுகம்_ரமேஷ் | டெலவேர் | #4

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆபீஸில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சீடு என்றால் என்ன? 64 என்கிறீர்கள், ஆனால் என் மேனேஜர் 68 அணி என்கிறார். 63 ஆட்டத்தையும் யாராவது சரியாகச் சொல்லியிருக்கிறார்களா?

ஆன்ஆர்பர்_செல்வி | மிச்சிகன் | #5

மன்னிப்பெல்லாம் எதற்கு ரமேஷ், எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தோம்.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேர்வுக் குழு 68 அணிகளை அறிவிக்கும். அதற்குச் செலக்‌ஷன் சண்டே என்று பெயர். நான்கு ரீஜன், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண், அதுதான் சீடு. முதல் சுற்றில் 1-ஆம் சீடு 16-ஓடு மோதும், 2 அணி 15-ஓடு, இப்படிப் போய் நடுவில் 8-ம் 9-ம் மோதும். எந்த இரண்டு எண்ணைக் கூட்டினாலும் 17 வரும். ஒரு முறை தோற்றால் வெளியே.

1985-ல்தான் 64 அணியானது. 2011-லிருந்து 68. அந்தக் கூடுதல் அணிகளுக்காகச் செவ்வாயும் புதனும் ஒஹாயோவின் டேட்டனில் நான்கு ஆட்டம் வைத்து, 64 ஆகக் குறைப்பார்கள். அதற்கு ஃபர்ஸ்ட் ஃபோர் என்று பெயர். பெரும்பாலான பூல்களில் அந்த நான்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘இந்த இருவரில் யார் வந்தாலும்’ என்று ஒரே அணியாகத் தேர்வு செய்யலாம். அதற்காக அவர்களை அலட்சியம் செய்யாதீர்கள். 2011-ல் வி.சி.யு. அந்த வழியாக உள்ளே நுழைந்து கடைசி நான்கு வரை போனது. 2021-ல் யு.சி.எல்.ஏ.வும் அப்படியே.

63-ம் சரியாகச் சொன்னவர் என்று யாரும் பதிவில் இல்லை. 2019-ல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டத்தைச் சரியாகச் சொன்னார், 50-ஆவது ஆட்டத்தில் பர்டூ டென்னசியை ஓவர்டைமில் (சமமாக முடிந்ததால் ஆடுகிற கூடுதல் நேரம்) ஜெயித்ததில் அது உடைந்தது.

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #6

நாணயம் சுண்டிப் போட்டு நிரப்பினால் உள்ள சாத்தியங்கள் இரண்டின் 63-ஆவது அடுக்கு. நம் கணக்கில் சொன்னால் சுமார் 92,233 கோடி கோடி. 2014-ல் வாரன் பஃபெட் பின்னால் நிற்க, முழுவதும் சரியாகச் சொன்னால் நூறு கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அந்தப் பணம் பத்திரமாக இருந்தது.

ஜெர்சி_ஜமீலா | நியூ ஜெர்சி | #7

பிள்ளைவாள், உங்கள் முறையில் அப்செட்டுக்கு (சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்ப்பது) மரியாதையே இல்லையே. 2022-ல் நான் ஜெர்சி சிட்டியில்தான் இருந்தேன். செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சின்னக் கல்லூரி, 15-ஆம் சீடு. முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியை ஓவர்டைமில் 85-79 என்று வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் மர்ரே ஸ்டேட், அப்புறம் பர்டூ. 15-ஆம் சீடு கடைசி எட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஆபீஸில் ஒரே ஒரு அக்கா கென்டக்கி தோற்கும் என்று எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? ஒரு புள்ளி. 1-ஆம் சீடு 16-ஆம் சீடை ஜெயிக்கும் என்று எழுதிய எல்லோருக்கும் கிடைத்த அதே ஒரு புள்ளி. இது நியாயமா?

ஜெயித்த அணியின் சீடு எண்ணையே புள்ளியாகக் கொடுத்தால் என்ன? 15 ஜெயித்தால் 15 புள்ளி. புதியவர்களுக்கும் ஆசையாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #8

ஜமீலா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் அந்த முறையில் ஓட்டை இருக்கிறது.

5-க்கும் 12-க்கும் நடக்கிற ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-லிருந்து பார்த்தால் தோராயமாக மூன்றில் ஒன்றை 12 ஜெயிக்கிறது. சீடு எண்தான் புள்ளி என்றால், 12-ஐ எழுதுகிறவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 12-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4. 5-ஐ எழுதுகிறவருக்கு 5-ல் மூன்றில் இரண்டு பங்கு, 3.3. ஆக, நான்கு ரீஜனிலும் கண்ணை மூடிக்கொண்டு 12-ஐ எழுதுவதுதான் புத்திசாலித்தனம். கணக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதையே எழுதுவார்கள். அப்செட்டைக் கணித்தவருக்கு என்று தனிப் பெருமை எங்கே மிஞ்சும்?

நடுவழி ஒன்று சொல்கிறேன். 2-3-5-8-13-21 அப்படியே இருக்கட்டும். முதல் சுற்றில் மட்டும், சீடு வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் இருந்து சின்ன அணி ஜெயித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. இப்போது 12-ஐ எழுதினால் சராசரி 1, 5-ஐ எழுதினால் 1.3. பெரிய அணி பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கிறது, ஆனால் துணிந்தவருக்குப் பெரிய நஷ்டமில்லை. கூடுதல் இரண்டு புள்ளி என்று வைத்தால் இரண்டும் சரிசமமாகிவிடும், அதற்கு மேல் போகாதீர்கள்.

ஜெர்சி_ஜமீலா | நியூ ஜெர்சி | #9

கென்டக்கியைக் கவிழ்த்ததற்கு ஒரே ஒரு போனஸ் புள்ளியா? கஞ்சப்பிள்ளை என்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டிப்பேச்சு_வேலு | சிகாகோ | #10

நான் ஜமீலா கட்சி. 2018-ல் என் மகளுக்கு ஏழு வயது. அணிகளின் சின்னத்தைப் பார்த்து மட்டும்தான் எழுதினாள். யு.எம்.பி.சி.க்குச் சின்னம் நாய். எதிரே 1-ஆம் சீடு வர்ஜீனியா. ‘அப்பா, நாய்தான் ஜெயிக்கும்.’ நானும் பெரிய மனிதன் மாதிரி, ஆண்கள் போட்டியில் 16 எப்போதும் 1-ஐ ஜெயித்ததே இல்லை என்று விளக்கினேன். நாய் 74-54 என்று கடித்துத் துப்பியது. மறுநாள் முழுக்க வீட்டில் என் முகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு.

அடுத்த ஆண்டு அதே வர்ஜீனியா சாம்பியன் ஆனது தனிக்கதை. அதற்குள் என் மகள் யுனிகார்ன் சின்னம் உள்ள அணியைத் தேடப் போய்விட்டாள்.

காரி_குமரன் | நார்த் கரோலினா | #11

வேலு அண்ணே, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை சார், புள்ளி முறை புரிந்தது. ஆனால் 2025-ல் அப்செட்டே கம்மி. நான்கு 1-ஆம் சீடும் கடைசி நான்குக்கு வந்தன: ஃபுளோரிடா, ஹூஸ்டன், டியூக், ஆபர்ன். இங்கே பாதிப் பேர் டியூக்கை எழுதியிருந்தார்கள். ஹூஸ்டனிடம் அது தோற்ற ராத்திரி குழுவில் மயான அமைதி. அந்த மாதிரி வருஷத்தில் எந்த முறை வைத்தாலும் ஒன்றுதானோ?

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #12

அது அபூர்வம். 64 அணியான பிறகு நான்கு 1-ஆம் சீடும் சேர்ந்து வந்தது 2008-லும் 2025-லும் மட்டும்தான். மறுபக்கம் 2023-ஐப் பாருங்கள், ஒரு 1-ஆம் சீடுகூடக் கடைசி எட்டுக்கு வரவில்லை. யு.கான் 4-ஆம் சீடாக வந்து கோப்பையைத் தூக்கியது. அந்த ஆண்டில்தான் பர்டூ 16-ஆம் சீடு ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றது.

உங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. 30 பேரில் 15 பேர் டியூக் என்று எழுதினால், டியூக் ஜெயித்தாலும் அந்தப் பதினைந்து பேரும் தங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். சாம்பியன் ஆகக்கூடிய தகுதி உள்ள, ஆனால் உள்ளூரில் யாரும் சீண்டாத அணியை எழுதுகிறவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். புதியவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள், விளையாட்டு தெரிந்தவர்களோடு அவர்கள் சரிக்குச் சரி நிற்பார்கள். உள்ளூர்ப் பாசம் இல்லாததே அவர்களுடைய பலம்.

டல்லஸ்_டேவிட் | டெக்சஸ் | #13

பணத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே.

நண்பர்களுக்குள் நடக்கிற பூல் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டரசுத் தடையை நீக்கியது உண்மைதான், ஆனால் அதனால் எல்லா ஊரிலும் எல்லாம் அனுமதி என்று ஆகிவிடாது. முடிவு மாநிலத்தின் கையில். உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு அப்புறம் காசைத் தொடுங்கள். ஆபீஸ் பூல் என்றால் கம்பெனி விதியையும் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் நடத்துகிறவர் தனக்கென்று ஒரு சென்ட் எடுக்கக் கூடாது. ‘செலவுக்கு ஐந்து சதவீதம்’ என்று ஆரம்பித்தால் அது நட்பு பூல் இல்லை, தொழில். ஜெயித்த பணம் வரிக் கணக்கில் வருமானம்தான், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விசாவில் இருக்கிறவர்கள் குழுவில் இருந்தால் நான் காசே இல்லாமல் நடத்தத்தான் சொல்வேன். பத்து டாலருக்காக யாருக்கும் தலைவலி வேண்டாம்.

புதுமுகம்_ரமேஷ் | டெலவேர் | #14

டேவிட் சார், என் மனைவி ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அவர் சேரலாமா?

டல்லஸ்_டேவிட் | டெக்சஸ் | #15

நல்லவேளை கேட்டீர்கள். காசு கட்டிப் பரிசு எதிர்பார்க்கிற பூல் என்றால் வேண்டாம். கல்லூரி வீரர்களும் விளையாட்டுத் துறை ஊழியர்களும் அதில் சேர என்.சி.ஏ.ஏ. விதி இடம் கொடுக்காது. காசில்லாத விளையாட்டு என்றாலும் அவர்கள் துறையில் விதிமுறைகளைப் பார்க்கிற அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் வேலையை இழந்தார். காரணம், அக்கம்பக்கத்தார் நடத்திய பேஸ்கட்பால் பூலில் அவர் கலந்துகொண்டது. இத்தனைக்கும் அது அவருடைய விளையாட்டுகூட இல்லை. பிறகு வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்தது. அங்கே நடந்தது பிராக்கெட் இல்லை, அணிகளை ஏலம் விடுகிற ‘கல்கத்தா’ முறை. ஒவ்வொரு அணியையும் ஏலத்தில் எடுத்து, அந்த அணி எவ்வளவு தூரம் போகிறதோ அதற்கேற்ப வசூலில் பங்கு. பணம் சர்ரென்று ஏறிவிடும். குமரன், உங்கள் குடியிருப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

மட்டுறுத்துநர் | #16

பந்தயத் தளங்களுக்கான இணைப்பு கொடுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நட்பு விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஆன்ஆர்பர்_செல்வி | மிச்சிகன் | #17

ரொம்ப வருஷமாக நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். புள்ளி முறைக்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை எல்லாம் கெடுவினால்தான் வரும். விதிகளை எழுதி செலக்‌ஷன் சண்டேவுக்கு முன்பே குழுவில் போட்டுவிடுங்கள். அணிகள் தெரிவதற்கு முன் எழுதின விதியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில், போட்டி பாதியில் இருக்கும்போது ‘அப்செட் போனஸ் சேர்க்கலாமே’ என்று நடத்துகிறவர் ஆரம்பித்தார். அவருக்கு அதில் லாபமே இல்லை, இருந்தும் அடுத்த ஆண்டு பாதிப் பேர் வரவில்லை.

கெடு: வியாழன் மதியம் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன். கிழக்கு நேரம் 12 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும். ‘மதியம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கலிபோர்னியாக்காரருக்கு அது காலை 9 மணி, கோயம்புத்தூரில் இருந்து விளையாடுகிற உங்கள் மாமனாருக்கு இரவு 9.30. கிழக்கு நேரம் 12.00 என்று கடிகார நேரம் போடுங்கள். தளமே தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அனுமதித்தால் 12.07-க்கு ஒரு படம் வரும், ‘டவர் இல்லை’ என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும்.

பூட்டிய பிறகு எல்லோருடைய பிராக்கெட்டையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். அதற்கு முன் யாருடையதும் தெரியக் கூடாது.

அப்புறம், ஆட்டம் நடக்காமலே போனால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதுங்கள். 2021-ல் கோவிட் காரணமாக வி.சி.யு. விலக்கப்பட்டு, ஆரிகன் விளையாடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. ‘அடுத்த சுற்றுக்கு எந்த அணி போகிறதோ அதுவே ஜெயித்ததாகக் கணக்கு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அது இல்லாமல் போனால் நாள் முழுக்க வக்கீல் வாதம். 2020-ல் போட்டியே ரத்தானது, அப்படி ஆனால் காசு திரும்பிவிடும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

ஏன் எல்லோரும் ஆண்கள் போட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள்? பெண்கள் போட்டியிலும் இப்போது 68 அணிதான், 2022-லிருந்து. 2024-ல் பெண்கள் ஃபைனலைப் பார்த்தவர்கள் ஆண்கள் ஃபைனலைப் பார்த்தவர்களை விட அதிகம். சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய ஆட்டம் அது. அதற்கும் ஒரு பூல் வையுங்கள் குமரன். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் கட்டாயம் சேரும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பெண்கள் போட்டியில் முதல் இரண்டு சுற்றும் பெரிய 16 அணிகளின் சொந்த மைதானத்தில் நடக்கும், அதனால் அங்கே அப்செட் குறைவு. சொந்த மண்ணில் ஆடியும் 1998-ல் 1-ஆம் சீடு ஸ்டான்ஃபோர்டு 16-ஆம் சீடு ஹார்வர்டிடம் 71-67 என்று தோற்றது. வேலு மகளின் நாய்க்கு இருபது ஆண்டு முன்னாடியே பெண்கள் இதைச் செய்துவிட்டார்கள்! பெண்கள் பூலில் முதல் சுற்று அப்செட்டுக்கு இரண்டு போனஸ் புள்ளி கொடுத்தாலும் கெட்டுப்போகாது, பிள்ளைவாள் கோபிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #18

கோபம் இல்லை. அங்கே 12 ஜெயிப்பது இன்னும் குறைவு, ஆகவே இரண்டு புள்ளி சரிதான்.

காரி_குமரன் | நார்த் கரோலினா | #19

செல்வி அக்கா, அந்தக் குரல் பதிவு அனுப்புகிற ஆள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்.

இரண்டாவது வாரத்தில் ஆட்கள் காணாமல் போவதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. புள்ளியை மாற்றினாலும் கடைசி 16 வரும்போது பத்துப் பேராவது எழுந்திருக்க முடியாத அளவுக்குப் பின்தங்கித்தான் இருப்பார்கள்.

ஜெர்சி_ஜமீலா | நியூ ஜெர்சி | #20

இரண்டாவது வாய்ப்பு கொடுங்கள். முதல் ஞாயிறு ராத்திரி 16 அணி மிஞ்சும். அடுத்த ஆட்டம் வியாழன்தான். இடையில் மூன்று நாள் இருக்கிறது. அந்த 16-ஐ வைத்துப் புதிதாக ஒரு சின்ன பிராக்கெட், 15 ஆட்டம்தான், ஐந்து நிமிஷத்தில் நிரப்பலாம். எல்லோரும் சுழியத்திலிருந்து. எங்கள் குழுவில் போன ஆண்டு பெரிய பூலில் கடைசி இடத்தில் இருந்தவர்தான் இதில் ஜெயித்தார்.

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #21

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மறுபடி எழுதலாம் என்று தெரிந்தால் முதல் பிராக்கெட்டை ஏனோதானோவென்று போடுவார்கள்.

ஜெர்சி_ஜமீலா | நியூ ஜெர்சி | #22

30 பேரில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏனோதானோதானே சார். அவர்கள் நாய் பார்த்து எழுதுகிற கட்சி. இரண்டாவது வாரத்துக்குள் நாலு ஆட்டம் பார்த்திருப்பார்கள், இரண்டு வீரர் பெயர் தெரிந்திருக்கும். அப்போது எழுதும்போதுதான் உண்மையிலேயே யோசிப்பார்கள்.

ஆன்ஆர்பர்_செல்வி | மிச்சிகன் | #23

இதில் நான் ஜமீலா பக்கம். பரிசைச் சின்னதாக வைத்தால் போதும், பெரிய பூலின் மதிப்பு குறையாது. எங்கள் ஊரில் முக்கியப் பரிசுக்கு ஒரு சுழல்கோப்பை, இரண்டாவது வாய்ப்புக்கு யாராவது ஒரு வீட்டில் சாப்பாடு. கோப்பையை விட அந்தச் சாப்பாட்டுக்குத்தான் போட்டி அதிகம்.

கடைசி இடத்துக்கும் ஏதாவது கொடுங்கள். ஆனால் கேலியாக வேண்டாம். புதிதாக வந்தவரை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தால் அவர் அடுத்த ஆண்டு வர மாட்டார்.

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #24

சரி, பெரும்பான்மை. ஆனால் ஆட்களைப் பிடித்து வைக்க என்னிடம் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, எந்த முறை வைத்தாலும் பொருந்தும்.

கடைசி நான்கு அணி முடிவானதும் மிஞ்சியிருப்பது மூன்றே ஆட்டம்: இரண்டு அரையிறுதி, ஒரு ஃபைனல். மொத்தம் எட்டே விதமாகத்தான் முடிய முடியும். ஒரு ஷீட்டில் எட்டு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார் யார் ஜெயிக்கிறார்கள், அப்படி நடந்தால் பூலில் முதலிடம் யாருக்கு என்று பெயர் போடுங்கள். அதைப் படம் எடுத்து ஞாயிறு ராத்திரியே குழுவில் விடுங்கள்.

அது வந்ததும் பாருங்கள் வேடிக்கையை. பட்டியலில் ஆறாவது இடத்தில் இருக்கிற ஒருவருக்கு, ‘ஹூஸ்டன் அரையிறுதியிலும் ஃபைனலிலும் ஜெயித்தால் நான்தான் முதல்’ என்று தெரியவரும். வாழ்க்கையில் ஹூஸ்டன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கூடச் சனிக்கிழமை சிவப்புச் சட்டை போட்டு உட்காருவார். முதலிடத்தில் இருக்கிறவருக்கு எட்டில் இரண்டு வரியில்தான் தன் பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் தூக்கம் போகும்.

கடைசி எட்டு நிலையில் இதைச் செய்யப் பார்க்காதீர்கள், ஏழு ஆட்டத்துக்கு 128 வரி ஆகும். கடைசி 16-ல் 32,768.

வெட்டிப்பேச்சு_வேலு | சிகாகோ | #25

கணக்குப்பிள்ளை முதல் தடவையாக என் மனதைத் தொட்டுவிட்டார்.

டல்லஸ்_டேவிட் | டெக்சஸ் | #26

எட்டு வரியிலும் பெயர் இல்லாதவர்களுக்கு?

கணக்குப்பிள்ளை | ஒஹாயோ | #27

அவர்களுக்குத்தான் ஜமீலாவின் சாப்பாடு.

காரி_குமரன் | நார்த் கரோலினா | #28

மிக்க நன்றி. எங்கள் குழுவில் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். 2-3-5-8-13-21, முதல் சுற்றில் அப்செட்டுக்கு ஒரு போனஸ். காசு வேண்டாம் என்று முடிவு. எங்களிலும் இரண்டு வீட்டுக்காரர்கள் பல்கலைக்கழக வேலையில் இருக்கிறார்கள், அவர்களைத் தள்ளி வைத்துவிட்டு விளையாட மனசில்லை. கோப்பைக்குப் பதிலாக ஒரு பித்தளைச் செம்பு, வருஷம் ஒரு வீட்டில் இருக்கும். பெண்கள் பூலும் உண்டு, அதை நடத்தப் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் முன்வந்திருக்கிறாள். இரண்டாவது வாய்ப்பும் உண்டு.

கடைசியாக ஒரு சந்தேகம். இருவர் சமமாக வந்தால், ஃபைனலில் இரண்டு அணியும் சேர்ந்து எடுக்கிற மொத்தப் புள்ளியை யார் நெருக்கமாகச் சொல்லியிருக்கிறார்களோ அவருக்கு முதலிடம் என்று இருக்கிறது. ஓவர்டைம் போனால் அந்தப் புள்ளியையும் சேர்ப்பதா?

ஆன்ஆர்பர்_செல்வி | மிச்சிகன் | #29

சேர்த்துத்தான், ஆனால் அதையும் விதியில் எழுதிவிடுங்கள். 2019 ஃபைனல் 40 நிமிஷம் முடியும்போது வர்ஜீனியா 68, டெக்சஸ் டெக் 68. மொத்தம் 136. ஓவர்டைம் முடிந்தபோது 85-77, மொத்தம் 162. 135 என்று எழுதினவரும் 160 என்று எழுதினவரும் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள்.

புதியவர்களுக்கு எவ்வளவு எழுதுவது என்றே தெரியாது. கிரிக்கெட் ஞாபகத்தில் 300 என்று போட்டவரும் உண்டு. ஓவர்டைம் இல்லாத சமீபத்திய ஃபைனல்களைச் சொல்லுங்கள்: 2023-லும் 2024-லும் 135, 2025-ல் 65-63 என்று 128. சொன்ன எண் கூடுதலா குறைவா என்று பார்க்க வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அதிலும் சமம் என்றால் செம்பு ஆறு மாதம் ஒரு வீட்டில், ஆறு மாதம் இன்னொரு வீட்டில்.